அடிப்பூச்சுக் கோடை

மார்ச் மாதம். ஔலு நகரத்துப் பனியில்
உதைசறுக்கு வண்டியில் வைத்துத்
தள்ளிக்கொண்டு வந்தாள் இர்மெலி,
துண்டில் சுற்றிய பெட்ரோல் டாங்கை.

வெளியே கழித்தல் பதினெட்டு.
என் கொட்டகை ஹீட்டர் முனகி முனகி
இருபதைத் தொட்டிருந்தது.
அதற்குக் கீழே இறங்கினால் பெயின்ட் அழும்,
அழுத இடம் அப்படியே உறையும்.

"நீலம். கம்பெனி நீலம்.
வாங்கியபோது இருந்த அதே."

எழுபத்து நான்கில்
ஜப்பானில் கப்பலேறிய முந்நூற்றைம்பது சிசி.
விவாகரத்தில் தைஸ்தோவுக்குப் படகு,
இவளுக்கு இது.

உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன்.
நீலத்தின் கீழே ஆரஞ்சு.
ஆரஞ்சின் கீழே யாரோ தூரிகையால் முயன்ற
தீ நாக்குகள். கை நடுங்கியிருக்கிறது:
மூன்றாவது நாக்கு, கேரட்.
அதன் கீழே கறுப்பு.
மூடியடி ரப்பர் வளையத்தை நெம்பியபோது
நக அகலத்துக்கு
ஒரு பச்சை.
ஆலையில் பூசியது. வெயிலே பாராதது.

போனில் சொன்னேன்.
மறுமுனையில் தபால் மூட்டைகள் விழும் சத்தம்.
பிறகு:
"அப்படியானால் பதினோரு வருஷமாக
யாருடைய நீலத்தை ஓட்டினேன்?"

வண்ண அட்டைகளை விசிறியாய் விரித்துவைத்தேன்.
மினுக்குத் துகள் கலந்தது,
கண்ணாடி மிட்டாய்ச் சிவப்பு,
முத்து வெள்ளை.
வடவானத்து ஒளியைக் கேட்டு
இதுவரை நாலு பேர் வந்திருக்கிறார்கள்;
நாலும் மீன் பொரித்த எண்ணெய் போலத்தான் வந்தது,
அதையும் மறைக்காமல் சொன்னேன்.

கம்பெனி நிறமென்றால்
விற்கும்போது விலை நிற்கும்.
சொந்த நிறமென்றால்
வாங்க வருகிறவனுக்கும் உன் மனசு வேண்டும்.

பச்சை அட்டையைக் கையில் எடுத்தாள், வைத்தாள்.
சிவப்பை எடுத்தாள்.
ஏப்ரல் போயிற்று.
சாலையில் தூவிய சரளையை
நகராட்சி கூட்டியள்ளி முடித்த அன்று வந்து நின்றாள்.

"இந்தச் சாம்பலே போதும், இப்போதைக்கு."
"அது நிறமில்லை, இர்மெலி. அடிப்பூச்சு.
மழையைக் குடிக்கும்."
"குடிக்கட்டும்."

மதில்மேல் பூனையாவது
ஏதோ ஒரு பக்கம் குதிக்கும்.
இவள் மதிலையே
ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலையில் ஒரு முறை பார்த்தேன்,
தீவுக்குப் போகிற படகில்.
இரவு பதினொன்று, இருட்டு இன்னும் வரவில்லை.
கடல், வானம், டாங்க்
மூன்றும் ஒரே சாம்பல்.
பின்விளக்கு மட்டும் தனியாகச் சிவந்திருந்தது.
அவள் வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துக் கையசைத்தாள்; எழவில்லை.

செப்டம்பரில் வண்டி திரும்பி வந்தது.
முன்புறம் துருப்புள்ளிகள், அம்மைபோல.
மூடியைச் சுற்றி பெட்ரோல் சிந்திய கறை.
திட்டுவதற்கு வாயெடுத்தேன்.
குனிந்தபோது
இரு பக்கமும் முழங்கால் அணைக்கும் இடத்தில்
உள்ளங்கை அளவு
பளபளப்பு.

என்னிடம் அதற்கு இயந்திரம் இருக்கிறது,
மெழுகு இருக்கிறது, மூன்று தரத்தில் பஞ்சு இருக்கிறது.
அவளிடம் இருந்தது ஒரு தோல் கால்சட்டை.

"பச்சை," என்றாள்.
"மூடிக்குக் கீழே இருந்ததே, அது."
பிறகு அந்த இரு இடங்களையும்
விரலால் வளைத்துக் காட்டி:
"இங்கே மட்டும் மேல்பூச்சு வேண்டாம்.
தேயட்டும்."

"உத்தரவாதம் தரமாட்டேன்."
"நான் கேட்டேனா?"

பில் எழுத உட்கார்ந்தேன்.
கம்பெனி நிறம், ஒன்று. தொகை போட்டாயிற்று.
அடுத்த வரி, தனி வேலைக்கானது,
வெறுமனே விட மனமில்லை.
'முழங்கால், இரண்டு' என்று எழுதிவிட்டு
தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.